ரெட்டைப் பிள்ளைகள் வீட்டுக்கு வருது: கட்டிலோரத் தொட்டிலா, தரையா, சேலைத் தொட்டிலா?

வீரவநல்லூர் மாமன்:

அக்காவுக்கு ரெட்டைப் பிள்ளை. 35 வாரத்துல சிசேரியன். பொம்பளப் பிள்ளை 2.1 கிலோ, பையன் 1.9 கிலோ. ரெண்டும் நல்லாப் பால் குடிக்குது, மூச்சுக்கு மிஷின் எதுவும் இப்ப இல்ல. இந்த வாரக் கடைசியில வீட்டுக்கு அனுப்பிருவோம்னு சொல்லிட்டாங்க. தொட்டில் தாய்மாமன் சீருங்கிறதால படுக்கைப் பொறுப்பு என் தலையில விழுந்திருக்கு.

ரூம் 10-க்கு 11 அடி. ஆறேகாலுக்கு அஞ்சு கட்டில், சுவரோட ஒட்டிக் கெடக்கு. மேல இலவம்பஞ்சு மெத்தை. கால்மாட்டுல பீரோ. உத்தரத்துல பழைய தொட்டில் கொக்கி ஒண்ணு இருக்கு. ஆச்சி, "ரெண்டு சேலைத் தொட்டில் கட்டு, அதுக்கு மேல என்னலே வேணும்"ங்கா. அம்மா, ரெண்டையும் சுவரோரம் போட்டு அக்கா இந்தப் பக்கம் படுத்துக்கிட்டா விழாதுங்கா. அத்தான் துபாய்ல இருந்து, ரெட்டைப் பிள்ளைக்குன்னே வாற பெட்சைடு தொட்டில் லிங்க்கா அனுப்பிக்கிட்டு இருக்காரு.

எத வாங்க, எத விட? கொசுவும் கரண்ட் கட்டும் உள்ள வீடுங்கிறத மனசுல வச்சுச் சொல்லுங்க.

பொருநைச் செவிலி (பச்சிளங்குழந்தை வார்டு):

தம்பி, முதல்ல அம்மா சொன்னதத் தள்ளிருங்க. சுவருக்கும் மெத்தைக்கும் நடுவுல உள்ள இடுக்குதான் வீட்டுக் கட்டில்லயே மோசமான இடம். பெரிய ஆள் ஒருத்தர் படுத்ததும் மெத்தை அவங்க பக்கமாத் தணியும், கட்டிலும் ஒரு விரக்கடை நகரும், சுவர்ப் பக்கம் இடைவெளி விட்டுரும். ரெண்டு கிலோ பிள்ளைக்குத் தலையத் திருப்புறதே பெரிய வேலை. மூக்கு சுவத்துலயோ மெத்தையிலயோ அழுந்துனா விலகிக்கத் தெம்பு இருக்காது. அழுது கூப்பிடும்னு நினைக்காதீங்க, மூச்சு அடைபட்ட பிள்ளைகிட்ட இருந்து சத்தமே வராது.

37 வாரத்துக்கு முன்னாடி பிறந்தது, 2.5 கிலோவுக்குக் கீழ உள்ளது, இதுல ஒண்ணு இருந்தாலே பெரியவங்களோட ஒரே படுக்கை ஆகாது. உங்க பிள்ளைகளுக்கு ரெண்டும் இருக்கு. அதுக்காக அடுத்த ரூம்ல போடுறதும் சரியில்ல. அதே ரூம், கை எட்டுற தூரம், ஆளுக்கொரு தனி இடம். குறைஞ்சது ஆறு மாசம் இப்படித்தான்.

இலவம்பஞ்சு மெத்தை பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். உள்ளங்கைய விரிச்சு அழுத்திட்டு எடுத்துப் பாருங்க, கைத்தடம் அப்படியே பள்ளமா நிக்கும். அதே பள்ளம் பிள்ளை தலைக்குக் கீழயும் விழும், முகம் லேசாத் திரும்பினா பஞ்சுக்குள்ள போயிரும். கடையில ரப்பர் சேர்த்த தென்னைநார் மெத்தைய அளவு சொன்னா அறுத்துத் தருவாங்க. 2 அங்குல கனம் போதும். மேல ஒரே ஒரு பருத்தி விரிப்பு, நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில இறுக்கிச் சொருகணும். ரப்பர் ஷீட் போடுறதா இருந்தா விரிப்புக்கு அடியில போடுங்க. மேல தளர்வாப் போட்டா சுருண்டு முகத்துக்கு வரும், முதுகும் வேர்க்கும்.

இந்தப் படுக்கையில வேற எதுவும் இருக்கக் கூடாது. தலையணை, பக்கவாட்டு உருளை, போர்வை, பொம்மை எதுவும். தலை உருண்டையா வரட்டும்னு கடுகுத் தலையணை தைப்பாங்க, அதையும் சேர்த்துத்தான். தலை தட்டையாகிறது ரெட்டைப் பிள்ளைகள்ல கொஞ்சம் கூடுதலாவே வரும், அதுக்கு வழி வேற. இன்னிக்குத் தலைமாடு வடக்கன்னா நாளைக்குத் தெற்க மாத்திப் போடுங்க. பிள்ளை வெளிச்சத்தையும் அம்மாவையும் பாத்துத் தலையத் திருப்பும், ஒரே பக்கம் அழுந்தாது. முழிச்சிருக்கும்போது பக்கத்துல ஆள் இருந்து கொஞ்ச நேரம் குப்புறப் போடலாம்.

எங்கிட்ட கேட்டா இந்த வீட்டுக்குத் தரைப் படுக்கையே போதும்பேன். பத்தமடைப் பாய் மாதிரி இறுக்கமா நெய்த கோரைப்பாய விரிச்சு, அதுக்கு மேல தென்னைநார் மெத்தை ரெண்டு, நடுவுல ஒரு அடி இடைவெளி. தரையில இருந்து விழ வழியில்ல, இடுக்கும் இல்ல. ஆனா சிசேரியன் ஆனவங்க முதல் ஆறு வாரம் குனிஞ்சு தரையில இருந்து பிள்ளையத் தூக்குறது கஷ்டம், தையல் இழுக்கும். தூக்கிக் கொடுக்கப் பக்கத்துல ஒரு ஆள் படுக்கணும். ஆள் இல்லன்னா கட்டில் உயரத்துக்கு ஏதாவது ஏற்பாடுதான்.

தரையில இன்னொரு தொந்தரவு எறும்பு. பால் சொட்டுன துணிக்கு வரிசை கட்டி வந்துரும். எறும்புப் பொடியப் பிள்ளைகிட்ட தூவாதீங்க. கக்குன துணிய உடனே மாத்தணும், தரைய ராத்திரி படுக்கும் முன்ன சோப்புத் தண்ணியில துடைக்கணும். கட்டில் காலுக்குக் கிண்ணத்துல தண்ணி வைக்கிற பழக்கம் உள்ளவங்க அதத் தினமும் கொட்டி, கிண்ணத்தத் தேச்சு வைக்கணும். இல்லன்னா டெங்கு கொசுவ நாமளே வளர்க்கிறோம்.

கொசுவலை கட்டாயம் வேணும், ஆனா குடை மாதிரி விரியுற குட்டி வலை வேண்டாம். அதோட வாற மெத்தை மெத்துமெத்துன்னு இருக்கும், வலையும் முகத்துக்கு ரொம்பப் பக்கம். நாலு மூலையும் கயிறு கட்டுற 6-க்கு 4 அடி வலை ஒண்ணு எடுத்து, ரெண்டு படுக்கையையும் சேர்த்து மூடி, கோரைப்பாய்க்கு அடியில சொருகுங்க. துணி எந்தப் பக்கமும் பிள்ளை மேல படாமத் தள்ளி நிக்கணும். கொசுவத்திச் சுருளும் குளிப்பாட்டினதும் போடுற சாம்பிராணிப் புகையும் இந்த நுரையீரலுக்கு ஆகாது.

கல்லிடை ஆசாரி:

அண்ணாச்சி, நர்ஸம்மா சொன்ன தரைப் படுக்கை நல்ல ஏற்பாடுதான். ஆனா ஆஸ்பத்திரியில இருந்து வந்த மொத மாசம் ஒங்க அக்கா கட்டில்லதான் படுப்பாங்க. ராத்திரி எத்தன தடவ இறங்கி ஏறுவாங்க? அதனால அத்தான் சொன்ன மாதிரி கட்டிலோட ஒட்டி நிக்குத தொட்டில், நாங்க கட்டிலோரப் பெட்டிம்போம், அதப் பத்திச் சொல்லுதேன். வாங்குனாலும் சரி, அடிச்சாலும் சரி, பாக்க வேண்டியது ஒண்ணுதான்: கட்டிலுக்கும் பெட்டிக்கும் நடுவுல இடைவெளி விடப்படாது.

கடையில தள்ளி வச்சுப் பாத்தா ஒட்டித்தான் நிக்கும். ஆள் கட்டில்ல ஏறிப் படுத்த பொறவு பாக்கணும். இலவம்பஞ்சு மெத்தை மூணு அங்குலம் அமுங்கும், ஓரம் உள்ளாற இழுக்கும், அங்கன ஒரு வாய்க்கால் மாதிரி விழுந்துரும். டைல்ஸ் தரைன்னா சக்கரம் வச்ச பெட்டி முழங்கை பட்டாலே நகரும். அதுனால மொதல்ல கட்டில் மெத்தைய மாத்துங்க, அதுவும் தென்னைநாரா இருக்கட்டும். பெட்டிக்குச் சக்கரம் வேண்டாம், கால்ல ரப்பர் புஷ் போடுங்க. பெட்டியக் கட்டுற பட்டையக் கட்டிலோட எதிர்ப்பக்கச் சட்டம் வரைக்கும் கொண்டு போயி இறுக்கணும். மெத்தையில கட்டுனா மெத்தையோட சேந்து வரும். தினம் ராத்திரி முழங்காலால ஒரு தள்ளு தள்ளிப் பாருங்க, அசையப்படாது. இடைவெளி விட்டா துண்டு சுருட்டிச் சொருகுதாங்க பாருங்க, அதுதான் ரொம்பக் கெடுதல். நடுராத்திரி அந்தத் துண்டு பிதுங்கிப் பிள்ளை மூஞ்சிக்கு வரும்.

கட்டிலப் பாத்த பக்கத்தத் தெறந்தே விடுத பெட்டியும் விக்குதாங்க, எனக்கு அது பிடிக்காது. அந்தப் பக்கமும் பிள்ளை மெத்தைக்கு மேல 12 செ.மீ. உயரத்துக்கு ஒரு தடுப்பு நிக்கணும். ஐரோப்பாவுல இதுக்குன்னு உள்ள தர விதியும் அந்த அளவுதான் கேக்குது. தாய்க்குக் கை போட்டுத் தூக்க அது எடைஞ்சலா இருக்காது, அவங்க போர்வையும் தலையணையும் இந்தப் பக்கம் வழுக்கி வராது. மத்த மூணு பக்கமும் மெத்தைக்கு மேல ஒரு அடியாவது இருக்கணும்.

அடிக்கதா இருந்தா உள் அளவு 36 அங்குலம் நீளம், 20 அங்குலம் அகலம் போதும். தேக்கோ நல்லாக் காஞ்ச வேம்போ எடுக்கலாம், பச்சை மரம் கூடாது, முறுக்கிக்கிட்டு மூட்டு விடும். ஓரக் கம்பிகளுக்கு நடுவுல 6 செ.மீ.க்கு மேல போகப்படாது. அதுக்கு மேல போனா ஒடம்பு நழுவி வெளிய வந்து தலை மாட்டிக்கிடும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவுல ரெண்டு விரல் நுழையலாம், மூணாவது நுழையப்படாது. மூலைக் கால் மேல குமிழு கடையாதீங்க, சட்டை மாட்டும். ஆணிக்குப் பதிலா போல்ட்டு போட்டு முறுக்குங்க. ஆட்ட ஆட்ட ஆணி வெளிய வந்துரும். பெயிண்டும் வேண்டாம், பாலிஷும் வேண்டாம். இந்த வாரக் கடைசியில பிள்ளை வருதுன்னா வாடை போக நாள் இல்ல. 220 நம்பர் உப்புத்தாள் போட்டு வழவழன்னு தேச்சு விட்டாப் போதும்.

இப்ப ஒங்க ரூமு. கட்டில் நீளம் 75 அங்குலம். ரெண்டு பெட்டியையும் வரிசையா ஒரே பக்கம் போட்டா மரத்தோட சேத்து 76 ஆவும், அளவு அச்சாப் பொருந்துதுன்னு தோணும். போட்டுராதீங்க. ஒங்க அக்கா இறங்க வழி இருக்காது, தையலோட கட்டில் மேல தவழ்ந்து மறுபக்கம் போகணும். கால்மாட்டுல உள்ள பெட்டிக்கு அவங்க கையும் எட்டாது. கட்டிலச் சுவத்துல இருந்து ரெண்டரை அடி இழுத்துப் போடுங்க. பத்தடியில கட்டில் அஞ்சு, ஒரு பக்கம் ரெண்டரை, மறுபக்கம் ரெண்டரை. ஒரு பெட்டி அக்கா தலைமாட்டுப் பக்கம் கட்டிலோட இறுக்கி. அதுக்குக் கீழ மூணடிக்கு மேல காலி, கால் தொங்கப் போட்டு எந்திக்கலாம். இன்னொரு பெட்டி மறுபக்கம், அங்கன பக்கத்துல யாரு படுக்காங்களோ அவங்க கைக்கு எட்டுத மாதிரி. ரெண்டுமே தாய் கைக்கு எட்டணும்னு அவசியமில்ல, எந்திக்கக்கூடிய ஒரு பெரிய ஆளு கைக்கு எட்டணும்.

அத்தான் அனுப்புத ரெட்டைத் தொட்டில் ஒரே அகலப் பெட்டியில நடுவுல துணி வலை மறைச்சது. அந்த வலைய விரலால அழுத்திப் பாக்காம வாங்காதீங்க. தொய்வா இருந்தா ரெண்டு பக்கத்துல இருந்தும் பிள்ளைக மூஞ்சி அதுல புதையும். இன்னொண்ணு, பக்கச் சட்டம் ஏறி இறங்குத மாதிரி உள்ள பழைய கட்டில் யாராவது இரவல் தந்தாலும் வாங்காதீங்க. அமெரிக்காவுல 2011-லயே அந்த வகைய விக்கக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. கொக்கி தேஞ்சு சட்டம் தணியும், இடுக்கு விழும்.

பாளை குழந்தை மருத்துவர்:

செவிலியும் ஆசாரியும் முக்கால்வாசி சொல்லிவிட்டார்கள். ஆச்சியின் கேள்வி மட்டும் பாக்கி இருக்கிறது. அவர்களைச் சமாதானப்படுத்தாமல் அந்த வீட்டில் எதுவும் நடக்காது என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

சேலைத் தொட்டிலில் குழந்தை வளைந்து கிடக்கும். தாடை நெஞ்சில் முட்டும். பச்சிளங்குழந்தையின் மூச்சுக்குழல் மெத்தென்ற குழாய். கழுத்து மடங்கினால் அதுவும் மடங்கும். நிறைமாதக் குழந்தை ஓரளவு தலையை அசைத்துச் சரிசெய்துகொள்ளும். 35 வாரக் குழந்தைக்குக் கழுத்தில் அந்த உறுதி வந்திருக்காது. தொட்டில் கட்டை கொடுத்து விரித்தால் துணி முகத்தில் மூடுவது குறையும், வளைவு போகாது. போதாக்குறைக்கு, கட்டில் உயரத்தில் இருந்து பார்ப்பவருக்கு உள்ளே இருக்கும் முகமே தெரியாது. ஆகவே இந்த இரண்டு குழந்தைகளையும் இரவுத் தூக்கத்துக்கு அதில் போட வேண்டாம். குழந்தைகள் எடை ஏறி, கழுத்து நின்ற பிறகு, பகலில் பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்து ஆட்டி, தூங்கியதும் எடுத்துச் சமதளத்தில் கிடத்தலாம். ஒரே தொட்டிலில் இருவரையும் ஒருபோதும் போடக் கூடாது. ஸ்பிரிங் தொட்டிலுக்கும் இதே வளைவுப் பிரச்சினைதான்.

மல்லாக்கப் போட்டால் பால் புரையேறும் என்று ஆச்சி கட்டாயம் சொல்வார்கள். மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் அதன் கீழேயும் இருக்கின்றன. எதுக்களித்து வரும் பால் மேல் நோக்கி ஏறித்தான் மூச்சுக்குழலுக்குள் போக முடியும். குப்புறப் போட்டால் நிலைமை தலைகீழ். கக்கிய பால் மூச்சுக்குழலின் வாயிலேயே தேங்கும். ஒருக்களித்துப் போட்ட குழந்தை எந்த நேரமும் குப்புற உருளும், அதனால் அதுவும் வேண்டாம். அமெரிக்காவில் 1994-ல் மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற பிரசாரம் தொடங்கியபின், தூக்கத்தில் திடீரென நேரும் குழந்தைச் சாவுகள் சுமார் பாதியாகக் குறைந்தன. பாலூட்டியபின் தோளில் போட்டு ஏப்பம் எடுத்து, 15, 20 நிமிடம் நிமிர்த்தி வைத்திருந்துவிட்டுக் கிடத்துங்கள். கக்குகிறது என்று மெத்தையின் தலைப்பக்கத்தைச் செங்கல் வைத்து உயர்த்தாதீர்கள். குழந்தை கீழே சறுக்கித் தாடை நெஞ்சில் முட்டும். 10 டிகிரிக்கு மேல் சாய்வான குழந்தைப் படுக்கைகளையும், கட்டிலைச் சுற்றிக் கட்டும் மெத்தைத் தடுப்புகளையும் 2022-ல் அமெரிக்கச் சட்டமே தடை செய்தது. துபாயிலிருந்து பஞ்சு விளிம்பு வைத்த கூடு போன்ற படுக்கை வந்தால் அதையும் பரண்மேல் ஏற்றிவிடுங்கள்.

வயிற்றில் ஒன்றாக இருந்த பிள்ளைகள், பிரித்துப் போட்டால் ஏங்கும் என்பார்கள். பிரிட்டனில், முதல் வாரங்களில் ஒரே பெரிய குழந்தைக் கட்டிலில் பக்கம் பக்கமாகவோ எதிரெதிர் முனையிலோ போடலாம் என்று அனுமதிக்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி தனித்தனி என்கிறது. குறைமாதம், எடை குறைவு, நம் ஊர் வெக்கை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தனித்தனிதான் என் தேர்வு. எப்படிப் போட்டாலும் நடுவில் தலையணையோ சுருட்டிய துணியோ வைத்துப் பிரிப்பது கூடாது.

எடை குறைந்த குழந்தைகளை நெஞ்சோடு அணைக்கும் கங்காரு முறையை மருத்துவமனையில் கற்றுக்கொடுத்திருப்பார்கள். வீட்டிலும் தொடருங்கள், தாய் தவிர அப்பாவோ ஆச்சியோகூடச் செய்யலாம். அணைத்திருப்பவருக்குத் தூக்கம் சொக்கினால் குழந்தையை வேறு கைக்கு மாற்ற வேண்டும். சோபாவில் சாய்ந்தபடி குழந்தையோடு கண்ணயர்வது, கட்டிலில் அயர்வதைவிட ஆபத்தானது.

வீரவநல்லூர் மாமன்:

எல்லாருக்கும் நன்றி. கட்டில இழுத்துப் போட்டாச்சு, தென்னைநார் மெத்தைக்குச் சொல்லியாச்சு. பெட்டி ஒண்ணு அடிக்கக் கொடுத்திருக்கேன். மறுபக்கம் ஆச்சி தரையிலதான் படுக்கா, அதனால ரெண்டாவது பிள்ளைக்குத் தரைப் படுக்கை, வலையோட. ஆச்சிக்கு டாக்டர் எழுதுனத வாசிச்சுக் காட்டுனேன். "கொக்கி சும்மாதான் கெடக்கும்"னு முனகுனா, அவ்வளவுதான்.

ரெண்டு சந்தேகம். வெக்கைக்கு என்ன உடுத்தி விட? ஃபேன் ஓடலாமா? பொறவு, ராத்திரிப் பால் முறை எப்பிடி வச்சுக்கிட? ரெண்டும் மாறி மாறி எந்திச்சா அக்கா தூங்கவே முடியாதே.

பொருநைச் செவிலி:

ஆச்சி ராத்திரி தூக்க மாத்திரை எடுக்கிறவங்களான்னு கேட்டுக்கோங்க. எடுத்தா அந்தப் பக்கம் வேற ஆள் படுக்கணும்.

ஃபேன் ஓடலாம், நடுத்தர வேகம், நேரா முகத்துல அடிக்காம. ஏசின்னா 26-ல வச்சாப் போதும். மெல்லிசான பருத்திச் சட்டையும் ஒரு சுத்துத் துணியும். பழைய வேட்டியக் கிழிச்சுச் சுத்துறது நல்லது, நெஞ்சுக்குக் கீழ கால் மடக்கி நீட்ட இடம் இருக்கணும். பிள்ளை உருள எத்தனிக்குற அன்னிக்கே சுத்துறத நிறுத்திரணும். வார்டுல தொப்பி போடச் சொல்லி அனுப்பினா, எடை கூடுற வரைக்கும் போடுங்க. தலையில கச்சிதமா நிக்கிற தொப்பி, நாடா இல்லாம. பெரிசா இருந்தா கண்ணுக்கும் மூக்குக்கும் இறங்கும்.

சூட்டப் புறங்கையால தொட்டுப் பாருங்க. வயிறும் பாதமும் ரெண்டும் வெதுவெதுன்னு இருந்தா சரி. வயிறு வெதுவெதுப்பு, பாதம் சில்லுன்னா குளிர ஆரம்பிச்சிருச்சு, இன்னொரு துணி சுத்துங்க, நெஞ்சோட அணைங்க. ரெண்டுமே சில்லுன்னா ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. பிடரி வேர்த்திருந்தா ஒரு துணியக் குறைங்க. கரண்ட் போனா முதல்ல சுத்துத் துணியத் தளர்த்தணும், ஓலை விசிறி தலைமாட்டுல இருக்கட்டும். சார்ஜ் ஃபேன் ஒயரும் போன் ஒயரும் படுக்கைக்கு மூணு அடிக்குள்ள வரக் கூடாது. கழுத்துல கருப்புக் கயிறு, வசம்பு மணி கோத்த மாலை எல்லாம் தூங்கும்போது கூடாது. கட்டியே ஆகணும்னா இடுப்புல.

பால்: ஒண்ணு எந்திச்சா அடுத்ததையும் எழுப்பிருங்க. ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ கொடுக்க வேண்டிய பிள்ளைகள், தூங்குதேன்னு விட்டுற முடியாது. முதல்ல ஒண்ணு குடிக்கும், அந்நேரம் ஆச்சி மற்றதுக்குத் துணி மாத்துவா, பிறகு மாத்திக்கிடலாம். தலைமாட்டுல ஒரு நோட்டு வச்சு நேரம் எழுதுங்க. தூக்கக் கலக்கத்துல சொட்டு மருந்து ஒரு பிள்ளைக்கே ரெண்டு தடவ போறது ரெட்டையர் வீட்ல சகஜம். எது எதுன்னு குழம்பாம இருக்க ஒரு பிள்ளையோட கால் பெருவிரல்ல மை வச்சுக்கலாம். எழுப்பியும் குடிக்காம துவண்டு கிடந்தாலோ, நிமிஷத்துக்கு 60 மூச்சுக்கு மேல வாங்கினாலோ, நெஞ்சு உள்ள இழுத்தாலோ விடியுற வரைக்கும் காத்திருக்காதீங்க.

முக்கூடல் பேத்தி:

யாரும் சொல்லாத ஒண்ணு. நம்ம பக்கம் பாதி வீட்ல பீடி சுத்துற வேலை இருக்கு. பிள்ளை படுக்கிற ரூம்ல முறமும் புகையிலைத் தூளும் இருக்கக் கூடாது, தூள் பறக்கும். சுத்தின கையச் சோப்புப் போட்டுக் கழுவி, மேல்துணிய மாத்திட்டுத்தான் பிள்ளையத் தூக்கணும். வீட்ல யாராவது பீடி சிகரெட் குடிச்சா, வாசல்ல நின்னு குடிச்சாலும் துணியில புகை ஒட்டி வரும். குடிக்கிற ஆள் பக்கத்துல பிள்ளையப் படுக்க வைக்கவே கூடாது. சாராயம் குடிச்ச ஆளுக்கும் அதே கதைதான்.

கல்லிடை ஆசாரி:

பெட்டி எத்தன நாளைக்கு ஆவும்னு கேக்கலியே? மாசக் கணக்கு பாக்காதீங்க. கைய ஊணி நெஞ்சத் தூக்க ஆரம்பிச்சாலோ, உருண்டாலோ அன்னியோட அந்தச் சின்னப் பெட்டி முடிஞ்சுது. ரெண்டுல ஒண்ணுதான் உருளுதுன்னா அத மட்டும் மொதல்ல மாத்துங்க. அடுத்து வாங்குத பெரிய பெட்டிக்கு உள் அளவு 48-க்கு 24 அங்குலம், நாலு பக்கமும் மெத்தைக்கு மேல ரெண்டு அடி. போல்ட்டுகள வாரத்துக்கு ஒருக்க ஸ்பேனர் போட்டுப் பாத்துக்கோங்க, காத்து காலத்துல மரம் சுருங்கித் தளரும்.